பந்து வாங்கித் தந்த வேலை

1977ஆம் ஆண்டு எர்ணாகுளத்தில் முதல் பெடரேஷன் கோப்பை நடந்தது. இறுதியாட்டத்தில் ஒரு பக்கம் மோகன் பகான். அந்த ஆண்டு ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, ரோவர்ஸ் கோப்பை, டூராண்ட் கோப்பை மூன்றையும் வென்ற அணி அது. ஈடன் கார்டனில் பெலே இறங்கிய நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு 2-2 என்று சமன் செய்ததும் அதே ஆண்டு செப்டம்பரில்தான். எதிரே நின்றது பெங்களூரின் ஐ.டி.ஐ. அணி. கறுப்பு நிற டயல் தொலைபேசிகளைச் செய்து நாடெங்கும் அனுப்பிக்கொண்டிருந்த இந்தியன் டெலிஃபோன் இண்டஸ்ட்ரீஸ் என்ற அரசுத் தொழிற்சாலையின் அணி. ஆட்டம் முடிந்தபோது 1-0. கோப்பை தொழிற்சாலைக்குப் போனது.

கல்கத்தாவின் பெரிய கிளப்புகளுக்குப் பின்னால் லட்சக்கணக்கான ரசிகர்கள் இருந்தார்கள், பணம் இருந்தது, அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட பெயர் இருந்தது. பெங்களூரு அணிகளுக்குப் பின்னால் இருந்தவை ஷிஃப்ட் நேரம், கேன்டீன், ஊழியர் குடியிருப்பு, மாதச் சம்பளம். இவற்றை நம்பித்தான் ஒரு நகரத்தின் கால்பந்து வாழ்ந்தது. அந்தக் கால்பந்தைச் சுமந்தவர்களில் மிகப் பலர் கன்டோன்மென்ட்டின் தமிழ்ப் பேட்டைகளில் பிறந்தவர்கள். அவர்களின் கதையை ஆட்டத்தின் கதையாக மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். மீதிப் பாதி வேலையின் கதை, மண்ணின் கதை.

1809இல் ஆங்கிலேயர்கள் தங்கள் படையை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றினார்கள். படை தனியாக வரவில்லை. சுமை தூக்கவும், குதிரை பராமரிக்கவும், சமைக்கவும், துணி வெளுக்கவும், கட்டடம் கட்டவும், கடை வைக்கவும் சென்னை மாகாணத்தின் வடார்க்காட்டிலிருந்தும் சுற்று மாவட்டங்களிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் கூடவே வந்தன. 1834இல் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு அல்சூர் ஏரிக்கரையில் தன் தலைமையிடத்தை அமைத்தது. அதுவே இன்றைய மெட்ராஸ் எஞ்சினியர் குரூப். பெட்டா என்கிற பழைய நகரம் மைசூர் அரசின் கையில். கன்டோன்மென்ட் ஆங்கிலேயர் கையில். ஒரே ஊருக்குள் இரண்டு ஊர். கன்டோன்மென்ட் மைசூரிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது 1947இல்தான்.

அல்சூர், மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன், கவுதமபுரா என்று பெயர் சொன்னால் பெங்களூர்க்காரர்களுக்கு உடனே தமிழும் கால்பந்தும் நினைவுக்கு வரும். சிப்பாய்கள் மாலையில் பரேடு மைதானங்களில் பந்து உதைத்தார்கள். எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்த வேலைக்காரர்களின் பிள்ளைகள், பந்து வெளியே வந்தால் எடுத்து உள்ளே உதைத்தார்கள். பிறகு தங்களுக்கென்று ஒரு பந்தைத் தேடிக்கொண்டார்கள். கிரிக்கெட்டுக்கு மட்டை வேண்டும், வெள்ளை உடை வேண்டும், உறுப்பினர் சேர்க்கை என்ற வாசலைத் தாண்ட வேண்டும். கால்பந்துக்கு நாற்பத்து நான்கு கால்களும் ஒரு பந்தும் ஒரு வெட்டவெளியும் போதும். கவுதமபுராவில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் தலித் தமிழ்க் குடும்பங்கள். கோயில் வாசலிலும் கிளப் வாசலிலும் நிறுத்தப்பட்டவர்களுக்கு மைதானத்தின் கோடு ஒன்றுதான் தடையில்லாமல் தாண்டக்கூடியதாக இருந்தது.

அந்தப் பேட்டையின் நாற்சந்தியில் இன்று புத்தரும் அம்பேத்கரும் அன்னை தெரசாவும் சிலையாக நிற்கிறார்கள். நான்காவதாக நிற்பவர் பெலே. உலகக் கோப்பை மாதங்களில் இந்தத் தெருக்கள் மஞ்சளும் பச்சையுமாக மாறுவதை நாளேடுகள் ஒவ்வொரு முறையும் படம் பிடித்துப் போடுகின்றன. ‘குட்டி பிரேசில்’ என்ற பட்டமும் நிலைத்துவிட்டது. படம் பிடிப்பவர்கள் அந்தச் சிலைகளின் வரிசையைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. சாதியை மறுத்த ஞானி, சாதியை ஒழிக்கப் போராடிய தலைவர், ஏழைகளிடையே பணியாற்றிய பெண்மணி, அவர்களோடு வறுமையிலிருந்து எழுந்து வந்த ஒரு கறுப்பின ஆட்டக்காரர். யாரைத் தங்கள் முன்னோர் என்று கொள்வது என்பதைப் பற்றி அந்த மக்கள் எடுத்த முடிவு அது.

இந்தச் சூழலிலிருந்து வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்குப் பதிவுகள் உண்டு. 1891இல் பம்பாயில் தொடங்கிய ரோவர்ஸ் கோப்பையை நாற்பத்தைந்து ஆண்டுகள் பெரும்பாலும் ஆங்கிலப் படைப்பிரிவுகளே வைத்துக்கொண்டிருந்தன. 1937இல் அதை வென்ற முதல் இந்தியக் குடிமக்கள் அணி பெங்களூர் முஸ்லிம்ஸ். அடுத்த ஆண்டும் அவர்களே வென்றார்கள். கன்டோன்மென்ட் கால்பந்தில் தமிழ் பேசியவர்களும் தக்கனி உருது பேசியவர்களும் ஆங்கிலோ-இந்தியர்களும் ஒரே மைதானத்தில் வளர்ந்தவர்கள். யாருடைய வரலாற்றையும் தனியே பிரித்தெடுக்க முடியாது. மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையை மைசூர் (இன்றைய கர்நாடக) அணி 1946-47, 1952-53, 1967-68, 1968-69 என நான்கு முறை வென்றது.

1948 ஜூலை 31 அன்று லண்டன் புறநகரான இல்ஃபோர்டில் சுதந்திர இந்தியா தன் முதல் ஒலிம்பிக் கால்பந்து ஆட்டத்தை ஆடியது. எதிரணி பிரான்ஸ். இந்தியர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். இரண்டு பெனால்டி வாய்ப்புகளைத் தவறவிட்டு, 1-2 என்று தோற்றார்கள். இந்தியாவின் அந்த ஒரே கோலை அடித்தவர் பெங்களூரின் சாரங்கபாணி ராமன். சுதந்திர நாட்டின் ஒலிம்பிக் கால்பந்தில் முதல் கோல் அது. அந்தக் குழுவில் அகமத் கான், தன்ராஜ், வஜ்ரவேலு, வரதராஜ் என்று பெங்களூர்ப் பெயர்கள் வரிசையாக இருந்தன. அகமத் கானும் தன்ராஜும் பிறகு ஈஸ்ட் பெங்கால் அணியின் ‘பஞ்ச பாண்டவர்’ என்று கல்கத்தாவே கொண்டாடிய ஐந்து முன்வரிசைக்காரர்களில் இருவர் ஆனார்கள். 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்த அணியில் கெம்பையா இருந்தார். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற குழுவில் அருமைநாயகம் இருந்தார்.

இது பெங்களூருக்கு மட்டும் உரிய கதை அல்ல. அதே ஜகார்த்தா அணியின் துளசிதாஸ் பலராம், செகந்திராபாத் கன்டோன்மென்ட் அருகே அம்முகூடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஆங்கிலேயர் எங்கெல்லாம் பாசறை போட்டார்களோ அங்கெல்லாம் பின்னால் போன தமிழ்க் குடும்பங்கள், இரண்டு மூன்று தலைமுறைக்குள் இந்தியக் கால்பந்துக்குத் தோள் கொடுத்திருக்கின்றன. தமிழ்நாட்டின் வரைபடத்துக்கு வெளியே நடந்ததால் தமிழ் விளையாட்டு வரலாறு இதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. கர்நாடகத்தின் வரலாறோ இவர்களைக் கர்நாடக வீரர்கள் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுகிறது. அல்சூர் ஏரிக்கரையில் 1991இல் வைக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் துணியால் மூடப்பட்டுக் கிடந்து 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது என்பது பலருக்கும் தெரியும். மொழிப் பகை கொதித்த அந்த ஆண்டுகளிலும் வீட்டில் தமிழ் பேசிய பையன்கள் கர்நாடகச் சட்டை போட்டுச் சந்தோஷ் கோப்பை ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆட்டத்தையும் மண்ணையும் சேர்த்துப் பார்க்க, அயர்லாந்தின் கிராமக் கால்பந்து இந்த இடத்தில் ஒப்பிடத் தக்கது. 1884 நவம்பர் 1 அன்று தர்லஸ் என்ற சிற்றூரின் ஒரு ஹோட்டல் அறையில் மைக்கேல் கியூசாக்கும் மாரிஸ் டேவினும் இன்னும் சிலரும் கூடி கேலிக் அத்லெட்டிக் அசோசியேஷனைத் தொடங்கினார்கள். ஆங்கிலேயர் ஆட்டங்களுக்கு எதிராக, கையாலும் காலாலும் பந்தை ஆடும் கேலிக் கால்பந்தையும் மட்டையால் ஆடும் ஹர்லிங்கையும் ஊர்தோறும் கொண்டுபோவதே நோக்கம். அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த அலகு பங்கு, அதாவது கத்தோலிக்க தேவாலயத்தைச் சுற்றிய ஊர். ஒருவர் தன் பங்குக்காகத்தான் ஆட வேண்டும். சம்பளம் கிடையாது. எண்பதாயிரம் பேர் அமரும் டப்ளின் குரோக் பார்க்கில் ஞாயிறன்று ஆடியவர், திங்கள் காலை தன் பள்ளிக்கூடத்திலோ மாட்டுப்பண்ணையிலோ வேலைக்குப் போய்விடுவார். இன்றுவரை அதுதான் முறை.

வட அயர்லாந்தின் தெற்கு எல்லையோரத்தில் கிராஸ்மக்லன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை இரண்டாயிரத்தைத் தொடாது. 1887இல் தொடங்கிய கிராஸ்மக்லன் ரேஞ்சர்ஸ் கிளப் அதன் உயிர். வட அயர்லாந்துக் கலவர ஆண்டுகளில், 1970களின் தொடக்கத்தில், பிரிட்டிஷ் ராணுவம் தன் முகாமுக்காகக் கிளப் மைதானத்தின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. பக்கத்தில் ஹெலிகாப்டர்கள் இறங்கி ஏறின. அந்த இரைச்சலுக்கு இடையே ஊரார் ஆடினார்கள். கால் நூற்றாண்டு காலம் வழக்கும் மனுவும் பேச்சுமாக நிலத்தை விடாமல் கேட்டார்கள். 1997, 1999, 2000, 2007, 2011, 2012 என்று ஆறு முறை அயர்லாந்தின் கிளப் சாம்பியன் ஆனது அந்த ஊர். முகாம் 2007இல் கலைக்கப்பட்டது.

இந்த ஒப்பீட்டில் ஒரு விஷயம் முக்கியமானது. கிராஸ்மக்லனில் ராணுவம் பறித்தது கிளப்புக்குச் சொந்தமான நிலத்தை. அதனால் திரும்பக் கேட்க முடிந்தது. அயர்லாந்தின் ஊர்க் கிளப்புகளுக்குப் பெரும்பாலும் சொந்த மைதானம் உண்டு. சங்கத்தின் பெயரில் அறங்காவலர்கள் அதை வைத்திருப்பார்கள். ஊரார் சீட்டு எழுதி, டிக்கெட் விற்று, சனிக்கிழமைகளில் தாங்களே மண்வெட்டி பிடித்து உண்டாக்கிய நிலம் அது. பெங்களூரில் ராணுவம் மைதானத்தைக் கொடுத்தது, தொழிற்சாலை வேலையைக் கொடுத்தது. ஆனால் பேட்டைக்காரர்களின் பெயரில் ஒரு கோல் கம்பம் நடும் அளவுக்குக்கூட நிலம் எழுதப்படவில்லை. பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

சுதந்திரத்தை ஒட்டிய கால் நூற்றாண்டில் பெங்களூரு பொதுத்துறை நகரமானது. 1940இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட், பிறகு எச்.ஏ.எல்.; 1948இல் ஐ.டி.ஐ.; 1953இல் எச்.எம்.டி.; 1954இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ்; 1964இல் பி.இ.எம்.எல். இவை கிழக்கிலும் வடக்கிலும் கன்டோன்மென்ட்டைச் சுற்றி வளையமாக எழுந்தன. ஐ.டி.ஐ.யைச் சுற்றி எழுந்த ஊழியர் நகரத்துக்குத் தூரவாணி நகர் என்றே பெயர். ஒவ்வொரு ஆலைக்கும் மைதானம், மனமகிழ் மன்றம், அணி. ஆலைகள் தவிர ராணுவத்தின் எம்.இ.ஜி., ஏ.எஸ்.சி. அணிகள், பாதுகாப்பு ஆய்வுக்கூடமான எல்.ஆர்.டி.இ., தர ஆய்வு நிறுவனமான சி.ஐ.எல். அணிகள் எல்லாம் நகர லீகில் மோதின. நகரின் ஸ்டாஃபர்டு கோப்பை ஆட்டங்களுக்கு ஆலை விட்டு சைக்கிளில் நேராக வந்து நிற்பார்கள்.

இந்த ஏற்பாடு பேட்டைப் பையனுக்கு என்னவாக இருந்தது? பதினேழு பதினெட்டு வயதில் ஏரியா டீமில் நன்றாக ஆடுகிறவனை ஆலையின் பயிற்சியாளர் பார்த்துவைப்பார். அவன் ஐ.டி.ஐ.யிலோ எச்.ஏ.எல்.லிலோ உதவியாளராகவோ எழுத்தராகவோ சேர்வான். பயிற்சிக்காகப் பணி நேரத்தில் சலுகை. வெளியூர் ஆட்டத்துக்குச் சிறப்பு விடுப்பு. முப்பத்திரண்டு வயதில் முழங்கால் ஓய்ந்தாலும் வேலை ஓயாது. ஐம்பத்தெட்டு வரை சம்பளம், அதன்பின் ஓய்வூதியப் பலன்கள், நடுவில் பிள்ளைகளுக்கு ஆலைப் பள்ளி. படிப்பால் அந்த வாசலுக்குள் நுழைய முடியாத ஒரு குடும்பம் ஒருவனுடைய காலால் நுழைந்தது. அதனால்தான் தாய்மார்கள் பந்தைப் பிடுங்கி வைக்கவில்லை. பிள்ளை சாயங்காலம் முழுக்கப் பந்து உதைப்பது பொழுதுபோக்காக அல்லாமல் வேலைக்கு விண்ணப்பிப்பதாகவே அந்தத் தெருக்களில் பார்க்கப்பட்டது.

வேலை கிடைத்தவர் பேட்டையை விட்டுப் போய்விடவில்லை என்பதும் இதன் பலம். ஆலைக்காரர் ஆனபிறகும் மாலையில் அதே மைதானத்துக்கு வந்து, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு நிறுத்தவும் திருப்பவும் சொல்லிக்கொடுத்தார். சம்பள நாளில் ஒரு பந்து, தீபாவளிக்கு இரண்டு ஜோடி ஷூ. பெயர்ப்பலகை இல்லாத பயிற்சிப் பள்ளி இப்படித்தான் நடந்தது. அயர்லாந்தில் பங்குத் தந்தையும் பள்ளி ஆசிரியரும் செய்த வேலையை இங்கே ஆலைத் தொழிலாளி செய்தார்.

குறையும் உண்டு. அந்த வாசல் ஆண்களுக்கு மட்டுமே திறந்தது. அதே தெருவில் அதே பந்தை உதைத்த பெண் பிள்ளைக்கு எந்த ஆலையும் வேலை வைத்திருக்கவில்லை. இந்த இழப்பை யாரும் கணக்கிட்டதில்லை.

ஐ.டி.ஐ. கோப்பை வென்றதற்கு அடுத்த ஆண்டு, 1978இல், நகரத்துக்குத் தெற்கே ஓசூர் சாலையில் கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூரு கிராமங்களின் நிலத்தில் 332 ஏக்கரில் எலெக்ட்ரானிக் சிட்டி உருவாகத் தொடங்கியது. கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனத்தை நடத்திய ஆர்.கே. பாலிகாவின் கனவு அது. அன்று அங்கே ராகி வயலும் ஏரிகளுமே இருந்தன. தொடக்கத்தில் மெதுவாகவே வளர்ந்தது. 1990களில் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் இன்ஃபோசிஸ் தன் வளாகத்தை அங்கே எழுப்பியது; விப்ரோவும் மற்றவையும் நிறைந்தன. 2010 ஜனவரியில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீள மேம்பாலச் சாலை திறந்தது. 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் ஆர்.வி. சாலையிலிருந்து பொம்மசந்திரா வரை ஓடத் தொடங்கியது.

எலெக்ட்ரானிக் சிட்டி எழுந்த அதே ஆண்டுகளில் தூரவாணி நகர் தாழ்ந்தது. தொலைத்தொடர்பு தனியாருக்குத் திறக்கப்பட்டு, செல்பேசி வந்தபின் ஐ.டி.ஐ.யின் கருவிகளுக்கு ஆர்டர் வற்றியது. எச்.எம்.டி.யின் கைக்கடிகார ஆலைகளை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்தது. ஆளெடுப்பு நின்ற இடத்தில் முதலில் நின்றது விளையாட்டு ஒதுக்கீடு. பழைய ஆட்டக்காரர்கள் ஓய்வுபெற்றார்கள். அவர்களின் நாற்காலி நிரப்பப்படவில்லை.

புதிய பொருளாதாரம் பழையதைவிடப் பல மடங்கு பணக்காரப் பொருளாதாரம். ஆனால் அதன் வாசலில் கேட்கப்பட்டது பொறியியல் பட்டமும் ஆங்கிலமும். காலால் நுழையும் வழி அங்கே இல்லை. கவுதமபுராவிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிற பையன், வளாகத்தின் காவல் பணியிலோ உணவு கொண்டுபோகும் வேலையிலோ வண்டி ஓட்டுவதிலோதான் பெரும்பாலும் இடம் பெறுகிறான். அந்த வேலைகளில் சிறப்பு விடுப்பு கிடையாது. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டுக்குப் பிறகு பயிற்சிக்குத் தெம்பும் இருக்காது.

அங்கே கால்பந்தே இல்லை என்று சொல்ல முடியாது. மாலை ஏழு மணிக்கு மேல் எலெக்ட்ரானிக் சிட்டியைச் சுற்றி மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் செயற்கைப் புல் திடல்கள் விளக்கொளியில் நிறைந்துவிடுகின்றன. நிறுவனங்களுக்கு இடையே போட்டிகள் நடக்கின்றன. கேரளம், கோவா, வங்காளம், வடகிழக்கு என்று எங்கெங்கிருந்தோ வந்த இளைஞர்கள் ஆர்வத்தோடு ஆடுகிறார்கள். நாளெல்லாம் திரை முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு அது மிகவும் தேவையான ஒன்று. ஆனால் வாடகைத் திடலில் அந்த ஒரு மணி நேரம் முடிந்தால் அடுத்த குழு உள்ளே வரும். ஓரத்தில் நின்று பார்க்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. பந்து வெளியே வராதபடி வலையும் கட்டியிருக்கிறார்கள். ஒரு கிளப் பிறப்பதற்கு அந்தப் பிள்ளை வேண்டும்.

மைதானத்தின் கதை இன்னும் பழையது. பெங்களூரின் பெரிய விளையாட்டரங்குகள் ஏரிகளைத் தூர்த்து எழுந்தவை. சம்பங்கி ஏரி கண்டீரவா அரங்கானது. அக்கித்திம்மனஹள்ளி ஏரி ஹாக்கி அரங்கானது. சூளை ஏரி அசோக் நகரின் கால்பந்து அரங்கானது. அல்சூர்ப் பக்கம் ஆர்.பி.ஏ.என்.எம்.எஸ். மைதானத்தின் பெயரில் இருப்பவர் ராய் பகதூர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். 1873இல் கன்டோன்மென்ட்டின் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கிய வள்ளல். இன்று அந்த மைதானத்தில் சவுத் யுனைடெட் என்ற தனியார் விளையாட்டு அமைப்பின் பயிற்சி மையம் இயங்குகிறது. பயிற்சி தரமானதுதான். ஆனால் கட்டணம் கட்டி நுழைவது ஒன்று, வீட்டு வாசலிலிருந்து ஓடிப்போய் இறங்குவது இன்னொன்று.

தொழிற்சாலைக் கால்பந்தின் கடைசி பெரிய முயற்சி எச்.ஏ.எல். செய்தது. 2010இல் இரண்டாம் பிரிவிலிருந்து நாட்டின் அன்றைய முதல்நிலை லீகான ஐ-லீகுக்கு உயர்ந்தது. பெரும்பாலான அணிகள் நைஜீரியாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் முன்வரிசைக்காரர்களைக் கொண்டுவந்தபோது, எச்.ஏ.எல். இந்திய ஆட்டக்காரர்களை மட்டும் வைத்து ஆடியது. இரண்டு பருவங்கள் தாக்குப்பிடித்து 2012இல் கீழே இறங்கியது. தொழில்முறை உரிமங்கள், குறைந்தபட்ச முதலீடு, இளையோர் அணிகள் என்று விதிகள் இறுகிய காலம் அது. ஆலையின் மனமகிழ் மன்றச் செலவுக் கணக்கில் அடங்கும் விஷயமாக மேல்மட்டக் கால்பந்து இனி இருக்கவில்லை.

அடுத்த ஆண்டே, 2013இல், ஜே.எஸ்.டபிள்யூ. குழுமம் பெங்களூரு எஃப்.சி.யைத் தொடங்கியது. முதல் பருவத்திலேயே ஐ-லீக் வென்றது. 2016இல் ஆசியக் கிளப்புகளின் ஏ.எஃப்.சி. கோப்பை இறுதியாட்டம் வரை போனது, 2018-19இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையை வென்றது. இந்தியக் கால்பந்தில் இவ்வளவு ஒழுங்காக நடத்தப்பட்ட கிளப் குறைவு. கண்டீரவாவின் மேற்குப் பகுதியில் பாடிக்கொண்டே ஆட்டம் பார்க்கும் ரசிகர்களில் ஐ.டி. ஊழியர்கள் ஏராளம். நகரத்துக்கு அது பெருமை; இதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே ஆடுகிறவர்கள் நாடெங்கிலுமிருந்தும் உலகெங்கிலுமிருந்தும் ஒப்பந்தத்தில் வருகிறார்கள். ஒரு பேட்டைப் பையன் அந்த இடத்தை எட்ட வேண்டுமானால் பதின்மூன்று வயதில் அகாடமியின் கண்ணில் பட வேண்டும். பத்தொன்பதில் ஒப்பந்தம் வேண்டும். முப்பதுக்குள் சேமித்துக்கொள்ள வேண்டும். நூற்றில் ஒருவர் எட்டுவார். பழைய ஏற்பாட்டின் அழகு மீதிப் பேருக்கு அது தந்த இடம். இரண்டாந்தர ஆட்டக்காரருக்கும் முதல்தர வேலை கிடைத்தது.

தமிழ்நாட்டிலும் இதன் சாயலைக் காணலாம். வடசென்னை வியாசர்பாடியில் பந்து உதைத்தவர்களுக்கு பெரம்பூர் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, துறைமுகம் என்று வாசல்கள் இருந்தன. கன்னியாகுமரிக் கடலோரம் மட்டும் வேறு வகை. அயர்லாந்துக்கு மிக நெருங்கியது அதுதான். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என்று அடுத்தடுத்த கத்தோலிக்க மீனவ ஊர்களில் கிளப் என்பது பங்கோடு பின்னியது. திருவிழாவுக்குப் போட்டி, போட்டிக்கு ஊர் மொத்தமும் கடற்கரையில். இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டி அணியில் வெளிச்சத்துக்கு வந்து ஜாம்ஷெட்பூருக்கும் பிறகு கல்கத்தாவுக்கும் போனார். சகோதரர் மைக்கேல் ரெஜினும் சென்னை சிட்டிக்கு ஆடியவர். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் இந்த ஊர்களின் ஆழ்கடல் மீனவர்களைப் பெருமளவில் வாரிக்கொண்டு போனது. அதன்பின்னும் அந்த மணலில் ஆட்டம் நிற்கவில்லை. ஊரும் கோயிலும் கரையும் அவர்களுடையதாக இருப்பது ஒரு காரணம் என்று கொள்ள இடமிருக்கிறது.

2023 மார்ச் 4 அன்று சவூதி அரேபியாவின் ரியாத்தில் கர்நாடகம் மேகாலயாவை 3-2 என்று வென்று சந்தோஷ் கோப்பையை எடுத்தது. 1968-69க்குப் பிறகு 54 ஆண்டுகள் கழித்து. சுனில் குமார், பேகே ஓரம், ராபின் யாதவ் மூவரும் கோல் அடித்தார்கள். பெயர்களே நகரத்தின் மாற்றத்தைச் சொல்கின்றன: ஒரு காலத்தில் தமிழும் உருதும் பேசிய அணி, இன்று பெங்களூருக்குப் பிழைக்க வந்த இந்தியா முழுவதன் அணி. இதில் வருத்தப்பட ஏதுமில்லை. ராணுவத்தின் பின்னால் வந்த தமிழர்களும் ஒரு காலத்தில் வந்தேறிகள்தான். கேட்க வேண்டியது, ரியாத்தில் வென்ற இந்த இளைஞர்களுக்கு முப்பத்திரண்டு வயதுக்குப் பிறகு என்ன இருக்கிறது என்பது. ராமனின் தலைமுறைக்கும் அருமைநாயகத்தின் தலைமுறைக்கும் பின்னால் ஆலையோ ரயில்வேயோ ராணுவமோ நின்றது.

விடை முழுக்க அரசின் கையில் இல்லை. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வருவாயோ சொத்தோ உள்ள நிறுவனங்கள் தங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் கிராமப்புற விளையாட்டுகளுக்கும் ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கும் பயிற்சி அளிப்பது இடம்பெற்றிருக்கிறது. இதைக்கொண்டு பேட்டை மைதானங்களில் ஆண்டு முழுவதும் பயிற்சி நடத்த முடியும். ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்தே நடத்தலாம். ஆனால் அது பாதிதான். சமூகப் பணி நிதி மூன்றாண்டுத் திட்டமாக வந்து, திட்டம் முடிந்ததும் போய்விடும். மாதச் சம்பளம் அப்படிப் போகாது.

எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் வேலைகள் எல்லாம் நிரல் எழுதும் வேலைகள் அல்ல. வளாக நிர்வாகம், போக்குவரத்து ஒருங்கிணைப்பு, உடற்பயிற்சிக் கூடம், கிடங்கு, வரவேற்பு என்று பட்டப்படிப்பு தேவைப்படாத நிரந்தரப் பணியிடங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. இன்று அவை ஒப்பந்ததாரர் வழியாக நிரப்பப்படுகின்றன. அவற்றில் ஒவ்வொரு பெரிய நிறுவனமும் ஒரு சிறு பங்கை நகர லீகின் ஏ, பி, சி பிரிவுகளில் ஆடும் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் நேரடிப் பணியாகத் தந்து, வாரத்தில் நான்கு மாலைகளைப் பயிற்சிக்கு விட்டால், ஒரு நிறுவனத்துக்கு ஓர் அணி என்று மறுபடி எழும். நிறுவனங்களுக்கு 1992 முதல் எலெக்ட்ரானிக் சிட்டி இண்டஸ்ட்ரீஸ் அசோசியேஷன் என்ற கூட்டமைப்பு இருக்கிறது. ஆட்டக்காரர்களுக்குக் கர்நாடக மாநிலக் கால்பந்து சங்கம் இருக்கிறது. இரண்டு அலுவலகங்களும் ஒரே நகரத்தில்தான் இருக்கின்றன. முதல் கடிதத்தைச் சங்கம் எழுதலாம். ஆட்டக்காரர்களின் பட்டியல் அதன் கையில் இருக்கிறது.